கறிவேப்பிலைக்கு என்ன மருந்து?

"டாக்டர், எனக்கு மருந்து எழுதினது போதும். எங்க வீட்டுக் கறிவேப்பிலைக்கு ஏதாவது எழுதிக் குடுங்க!"

என் மருத்துவமனைக்கு வந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் அசதி என்று வந்திருந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது. நாக்கும் அப்படியே. அவர் கவலையெல்லாம் செடி மேல்தான். "புதுசா வர்ற கொழுந்தெல்லாம் மஞ்சளா வருது டாக்டர். நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. முட்டை ஓடு போட்டேன், அடுப்புச் சாம்பல் போட்டேன், மோர் ஊத்தினேன். ஒண்ணுக்கும் அசைய மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, உங்களுக்கும் உங்க செடிக்கும் ஒரே வியாதி போலிருக்கே!" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வாசகர்களே. மனிதர்களுக்கு இரும்புச் சத்து குறைந்தால் ரத்தம் வெளிறும். சித்த மருத்துவத்தில் இதைப் பாண்டு என்போம். செடிக்கு இரும்புச் சத்து குறைந்தால் இலையின் பச்சையம் உருவாகாது. அதுவும் வெளிறும். ஆனால் வெளிறின இலைக்கெல்லாம் இரும்புதான் மருந்து என்று எடுத்துக்கொண்டு விடாதீர்கள். அடியில் இருக்கிற பழைய இலை முழுசாக மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துப் பசி. நுனிக் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால்தான் இரும்புக் குறை. தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும். அதற்கு மருந்து ஒன்றும் வேண்டாம், தொட்டியின் அடித் துவாரத்தை ஒரு குச்சியால் குத்தி விட்டால் போதும்.

நோயாளிக்கு நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா? செடிக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் போட்டார்கள், புத்தகத்தில் படித்தோம் என்று பலசரக்குக் கடையில் கிடைக்கிற ஒவ்வொன்றையும் தொட்டியில் கொட்டுகிறோமே, அது நம் ஊர் மண்ணுக்கு ஆகுமா என்று பார்ப்பதில்லை.

நம் மதுரை விஷயத்துக்கே வருவோம். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் போனால் கரிசல் காடு. பல இடங்களில் தோண்டினால் சுக்கான்கல் வரும். அது சுண்ணாம்பின் இன்னொரு ரூபம். நகருக்குள் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதா? குழாய் வாயில் உப்பு பூக்கிறதா? அந்தத் தண்ணீரைத்தான் தினமும் செடிக்கு ஊற்றுகிறோம். சுண்ணாம்பு ஏற ஏற மண் காரமாகிறது. கார மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கும். ஆனால் வேர் உறிஞ்ச முடியாதபடி கட்டிக் கிடக்கும். கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தும் மடை அடைத்துக் கிடந்தால் வயல் காயுமே, அந்தக் கதை.

இந்த நிலைமையில் முட்டை ஓடு என்ன? சுண்ணாம்பு. சாம்பல் என்ன? அதுவும் காரம். ஆக, அந்த அம்மா வியாதிக்கு மருந்து என்று நினைத்து வியாதியையே ஊட்டிக்கொண்டிருந்தார்! முட்டை ஓடும் சுண்ணாம்பும் கெட்டவை அல்ல. கேரளத்துச் செம்மண்ணிலும் மலைத் தோட்டங்களிலும் மண் புளிப்பாக இருக்கும். அங்கே சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிப்பார்கள். அங்கே மருந்து, இங்கே அபத்தியம்.

உங்கள் தொட்டி மண் எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கைப்பிடி மண்ணை நன்றாகக் காய வைத்துப் பொடி செய்து தட்டில் பரப்புங்கள். அதன் மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தொட்டிக்கு முட்டை ஓடும் சாம்பலும் வேண்டவே வேண்டாம்.

சரி, மருந்துக்கு வருவோம். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் 'அன்னபேதி' என்று கேளுங்கள். வெளிர் பச்சையாகப் படிகம் படிகமாக இருக்கும். நாங்கள் அன்னபேதிச் செந்தூரம் செய்வது இதைச் சுத்தி செய்துதான். வேதியியலில் இது ஃபெரஸ் சல்பேட். இரும்புச் சத்து! மல்லிகைத் தோட்டக்காரர்களுக்கு இது பழகின சரக்கு. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லிக்கே இலை மஞ்சளானால் இதைத்தான் கரைத்துத் தெளிக்கிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதையே பரிந்துரைக்கிறது.

அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம். தராசு இல்லாதவர்கள் ஒரு டீஸ்பூன் மட்டமாக எடுத்துக்கொள்ளலாம், குவித்து அல்ல. முதலில் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பிறகு அன்னபேதியைப் போட்டுக் கரையுங்கள். எலுமிச்சை எதற்கு என்றால், உப்புத் தண்ணீரில் அன்னபேதி சீக்கிரமே துருவாக மாறிப் பழுப்பாகிவிடும். துருவாகிவிட்டால் இலைக்குள் இறங்காது. புளிப்பு இருந்தால் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். செந்தூரத்துக்கு எலுமிச்சைச் சாறு விட்டு அரைக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு. அது வேறு காரியத்துக்கு என்றாலும், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் கல்வத்தோடு மல்லுக் கட்டிய நாட்கள் ஞாபகம் வந்துவிடும்!

தண்ணீருக்கு மழை நீரோ, ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரோ உத்தமம். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் மேலும் அடியிலும் படுகிற மாதிரி தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை. கொழுந்து பச்சையாக வர ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பழுப்பாகிவிட்டால் கீழே ஊற்றுங்கள். தெளித்து பத்து நாளைக்கு அந்தச் செடியில் இலை பறிக்க வேண்டாம். அதன் பிறகும் நன்றாகக் கழுவித்தான் தாளிக்க வேண்டும். அளவு கூடினால் இலை கருகிவிடும், ஜாக்கிரதை.

இதைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "அப்ப நானும் அதையே ஒரு சிட்டிகை சாப்பிட்டுக்கிடலாமா டாக்டர்?"

கூடவே கூடாது! செந்தூரம் என்பது சுத்தி செய்து, அரைத்து, புடம் போட்டு, அளவு பார்த்து, அனுபானத்தோடு தருகிற மருந்து. கடையில் கட்டித் தருகிற பச்சைச் சரக்கு வேறு. அது வயிற்றைப் புண்ணாக்கும். அவருக்கு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, அதிகப்படியான உதிரப்போக்குக்குத் தனியாகச் சிகிச்சை ஆரம்பித்தேன்.

என் தவறு ஒன்று

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சம்பவம். எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டியம்மா. அவருடைய எலுமிச்சைச் செடிக்கு என் கையாலேயே கொஞ்சம் அன்னபேதியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். எவ்வளவு கரைக்க வேண்டும், எப்போது தெளிக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

பாட்டியம்மா சிக்கனமானவர். தெளித்தது போக மிச்சத்தை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, சமையலறை அலமாரியில் கற்கண்டு பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மூன்று வயதுப் பேரன். பச்சைக் கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் வாந்தி. "ரெண்டு தடவை எடுத்தான், இப்ப நின்னுருச்சு. தூங்குறான்" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

என் கை நடுங்கியது, மறைக்கவில்லை. உடனே ஆட்டோ வைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன், நானும் கூடப் போனேன். இரும்பு நஞ்சில் ஒரு சூது உண்டு. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பிறகு நின்று, பிள்ளை தெளிந்துவிட்ட மாதிரி இருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் ரத்த ஓட்டமும் ஈரலும் பாதிக்கும். 'நின்னுருச்சு' என்று வீட்டில் வைத்துக்கொண்டு இருந்தால் போச்சு. ஒரு டீஸ்பூன் அன்னபேதியில் ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தான அளவு அது. நல்ல வேளையாக அவன் ஒன்றிரண்டு படிகம்தான் விழுங்கியிருந்தான். கசப்பும் துவர்ப்பும் தாங்காமல் மிச்சத்தைத் துப்பிவிட்டான். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

பாட்டியம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது: செடிக்கு வாங்கிய எதையும் சமையலறைக்குள் விடாதீர்கள். தின்பண்டம் வந்த பாட்டிலில், டப்பாவில் போடாதீர்கள். பெயரெழுதி, மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், வீட்டுக்கு வெளியே அலமாரி இருந்தால் அங்கே. ஒரு தடவைக்கு வேண்டியது 5 கிராம் என்றால் 50 கிராமாக வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குத் தருகிற இரும்புச் சத்து மாத்திரையையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் குழந்தைகளுக்கு மிட்டாய் மாதிரித்தான் தெரியும். தவறி விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், விழுங்கிய சரக்கின் மிச்சத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மயில்துத்தம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்போடு சேர்த்தால் அதுதான் போர்டோ கலவை. பிரான்சில் போர்டோ நகரப் பக்கம், வழிப்போக்கர்கள் திராட்சையைத் திருடாமல் இருக்கச் சாலையோரக் கொடிகளுக்கு நீலமாக எதையோ பூசி வைத்தார்கள். பூசின கொடியில் பூஞ்சைநோய் வரவில்லை என்று கவனித்தார் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர். 1885-ல் அதை வெளியிட்டார். தோட்டக்காரர்களுக்கு நல்ல மருந்து. ஆனால் மயில்துத்தம் கடும் விஷம், பார்க்க அழகான நீலம் வேறு. நாலு தொட்டிக்காக அதை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

'இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது!'

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பகீர் என்கிறது. சித்த மருத்துவனே இப்படிச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள். புகையிலையும் இயற்கைதான். அதை ஊற வைத்து அரைக்கீரைக்குத் தெளிக்கிறார்கள் சிலர். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். இரண்டு நாளில் பறித்துக் கடைந்து சாப்பிடப் போகிற கீரைக்கு அது எதற்கு? தவிர, தக்காளி, மிளகாய், கத்தரிக்கு நச்சுயிரி நோயையும் அது கொண்டுவந்து சேர்க்கும்.

வேப்பெண்ணெயும் அப்படித்தான். செடிக்கு அருமையான மருந்து. வேம்பின் பூஞ்சைக் கொல்லிக் குணத்துக்கு அமெரிக்க அரசின் வேளாண் துறையும் ஒரு கம்பெனியும் சேர்ந்து ஐரோப்பாவில் காப்புரிமை வாங்க, நம்மவர்கள் வழக்காடி 2000-ல் ரத்து செய்ய வைத்தார்கள். 2005-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். அவ்வளவு பெருமை. ஆனால் அதே வேப்பெண்ணெயைச் சளிக்கு என்று கைக்குழந்தைகளுக்குப் புகட்டி, வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு என்று மலேசியாவில் குழந்தைகள் பாதிக்கப்பட்ட விவரம் 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. தோட்டத்துப் பாட்டில் தோட்டத்திலேயே இருக்கட்டும்.

தெளிக்கிற முறை: பூந்திக் கொட்டை நாலைந்தை விதை நீக்கி இரவே ஊற வைத்துக் காலையில் கசக்கினால் நல்ல நுரை வரும். அந்த நுரைத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயை விட்டு நன்றாக அடித்துக் கலக்குங்கள். பிறகு ஒரு லிட்டர் ஆக்குங்கள். எண்ணெய் மிதக்கக் கூடாது, மிதந்தால் இலை வெந்துவிடும். துணி சோப்புத் தூள் கலக்கிறார்களே, வேண்டாம். அதிலுள்ள உப்பும் காரமும் நம் மண்ணுக்கு மேலும் கேடு. செம்பருத்தியில் மாவுப்பூச்சி அடை அடையாக இருந்தால் முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, அப்புறம் எண்ணெய். கத்தரி வெயில் நாட்களில் பகலில் தெளிக்கவே கூடாது.

பயமில்லாமல் வாங்கக் கூடியவை

நிறையவே இருக்கிறது, கவலைப்படாதீர்கள். வேப்பம் புண்ணாக்கு முதலிடம். தொட்டிக்கு ஒரு கைப்பிடி, மேல் மண்ணைக் கிளறிக் கலந்தால் உரமும் ஆச்சு, வேர்ப்புழுவுக்கு மருந்தும் ஆச்சு. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்து, ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றலாம். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது! ஆமணக்குப் புண்ணாக்கை மட்டும் நாய் வளர்ப்பவர்கள் தொடாதீர்கள். ஆமணக்கு விதையின் விஷம் அதில் தங்கியிருக்கும், நாய்க்கு அந்த வாசனை பிடிக்கும்.

புளித்த மோர் நம் பாட்டிமார் கைமருந்து. அந்த அம்மா ஊற்றியது தப்பில்லை. கூடவே சாம்பலைப் போட்டு அதன் புளிப்பை முறித்ததுதான் தப்பு. பூசணி, அவரை, ரோஜா இலைகளில் சாம்பல் தூவின மாதிரி வெள்ளை படர்கிறதே, அதற்குப் பால் நல்லது. 1999-ல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் வாக்னர் பெட்டியோல், பசும்பாலைத் தண்ணீரில் கலந்து வாரம் ஒரு முறை பூசணி இனக் கொடிக்குத் தெளித்து, சாம்பல் நோய் கட்டுப்பட்டதை எழுதினார். ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர். திரிந்த பாலைக் கீழே ஊற்றுகிற வீடுகளில் வடிகட்டி இப்படிச் செய்து பார்க்கலாம்.

பெருங்காயம் பூ உதிர்வை நிறுத்துமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாய்க்கால் மடையில் துணியில் முடிந்து போடுகிற பழக்கம் நம் விவசாயிகளிடம் உண்டு. செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் டப்பாவில் வருகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும் பங்கு மாவும் பிசினும்தான். அதைத் தொட்டியில் போட்டால் எறும்புக்கு விருந்து. இன்னொன்று, சித்திரை வைகாசியில் தக்காளிப் பூ உதிர்வது நம்மூர் உஷ்ணத்தால். ராத்திரியும் அனல் அடித்தால் பிஞ்சு பிடிக்காது. அதற்கு எந்தக் காயமும் உதவாது. பச்சை நிழல் வலை கட்டுங்கள், இல்லையானால் ஆடிக்கு மேல் விதையுங்கள்.

விதைக்கும் பலசரக்குக் கடையே போதும். வெந்தயம், கடுகு அப்படியே முளைக்கும். கொத்தமல்லியை இரண்டாக உடையும்படி லேசாகத் தேய்த்துப் போடுங்கள். இஞ்சியும் கண் விட்டதாகப் பார்த்து நட்டால் வரும். விரலி மஞ்சளை மட்டும் நட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது வேக வைத்துக் காய வைத்தது, முளைக்காது. பொங்கலுக்கு வாங்குகிற மஞ்சள் கொத்தின் கிழங்கை நிழலில் பத்திரப்படுத்தி வைகாசியில் நடலாம். விதைக் கடையில் வாங்குகிற விதை வேறு விஷயம். ரோஸ், நீலம் என்று சாயம் பூசியிருந்தால் அது மருந்து கலந்தது. மிச்சமானதைச் சாம்பாரில் போடவோ, முளை கட்டிச் சாப்பிடவோ கூடாது.

மண் சலித்துப் போன தொட்டியில் ஒரு கைப்பிடி கொள்ளோ தட்டைப்பயறோ தூவுங்கள். பூக்கிறதுக்கு முன் பிடுங்கி நறுக்கி அதே மண்ணில் கலந்து, மூன்று வாரம் ஆறப் போடுங்கள். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்த்திருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான உரம் இல்லை.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.ஓ. மிஷின் கழிக்கிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல். அதைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். குழாயும் தொட்டியும் கட்டியது கட்டியபடி கிடக்கிறது பல வீட்டில். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தாலே செடிகளின் மஞ்சள் பாதி தெளியும். கொசு புகாமல் மூட வேண்டும், இல்லாவிட்டால் டெங்குவுக்கு மருந்து கேட்டு என்னிடம் வருவீர்கள்.

அந்த அம்மா இரண்டு மாதம் கழித்து வந்தார். இமை சிவந்திருந்தது, முகத்தில் தெளிச்சி. கையில் ஒரு மஞ்சள் பை. பிரித்துப் பார்த்தால் கறுகறுவென்று கறிவேப்பிலை.

"உங்களுக்குத்தான் டாக்டர். நம்ம செடியில பறிச்சது."

"மருந்து தெளிச்சு எத்தனை நாளாச்சும்மா?"

கொஞ்சம் யோசித்தார். "நாலு நாள் இருக்கும்..."

பையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.